சிங்கப்பூர் தேசிய தினம்: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்தாலே ஊரிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். “அண்ணே, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அங்க இருக்கற மாதிரி வரலாம்னு பாக்குறோம். தேசிய தின அணிவகுப்புக்கு உள்ளே போக டிக்கெட் கிடைக்குமா?” என்று தம்பி முறையாகும் யாராவது கேட்பார்கள். கட்டாயம் வாருங்கள், ஆனால் உள்ளே போகும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பதுதான் எப்போதும் என் பதில். வானத்தில் நடப்பது எல்லாருக்கும் பொது. அதை வெளியில் நின்றே பார்த்துவிடலாம். அது போக, அன்றைக்கு அரங்குக்கு வெளியே ஊர் முழுக்க நடப்பதைப் பார்க்க யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பயணியாக வருபவருக்கு அதுதான் பெரிய விருந்து என்பது என் எண்ணம். அதை எப்படித் திட்டமிட்டுப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வருமுன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்து தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9 அன்று. போராடி வாங்கிய விடுதலை என்று இதைச் சொல்ல முடியாது. மலேசியாவோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று விரும்பியவர் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ. பிரிவை அறிவித்தபோது தொலைக்காட்சியில் அவர் கண்கலங்கியது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. குடிநீருக்கே மலேசியாவின் ஜோகூரை நம்பியிருந்த ஒரு சின்னத் தீவு, பெரிய ராணுவம் எதுவும் இல்லாமல் தனியாக நின்ற நாள் அது.

அடுத்த ஆண்டு, 1966-ல், பாடாங் திடலில் முதல் அணிவகுப்பு நடந்தது. 1968-ல் நல்ல மழை. அணியில் நின்றவர்கள் நனைந்துகொண்டே நடந்து முடித்தார்கள். அந்த மழையை இன்றும் பெரியவர்கள் பேசுவார்கள். இந்தக் கதை தெரிந்துவிட்டால், சிவப்புச் சட்டை போட்ட எழுபது வயதுப் பாட்டி ஒருவர் தேசிய கீதத்துக்கு ஏன் அப்படி விறைத்து நிற்கிறார் என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்டு நிற்போம் என்று அன்றைக்கு நாடே சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966-ல் எழுதிக் கொடுத்தவர் சி. ராஜரத்தினம். நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர், யாழ்ப்பாணத்தில் 1915-ல் பிறந்த தமிழர்.

முதல் வேலை: எந்தத் தேதிக்கு வருவது

ஆகஸ்ட் 9 அரசு விடுமுறை. அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்களும் விடுமுறை. 2026-ல் அப்படித்தான் வருகிறது.

எல்லாரும் ஆகஸ்ட் 9-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. அணிவகுப்புக்கு முன்னால் முழு ஒத்திகைகள் நடக்கும். ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முழுக்கப் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வரும். சில காட்சிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைப்பார்கள், கடைசியில் வருபவை முன்னோட்டக் காட்சிகள். ஹெலிகாப்டரில் கொடி வருவது, போர் விமானங்கள், வாணவேடிக்கை என்று ஏறக்குறைய எல்லாமே அப்போதும் இருக்கும். கூட்டம் குறைவு. ஓட்டல் வாடகையில் விடுமுறை வார இறுதியின் நெருக்கடி இருக்காது. சின்னக் குழந்தைகளோடு வருபவர்களும் முழங்கால் வலியோடு பெரியவர்களை அழைத்து வருபவர்களும் ஜூலைச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன்.

ஆனால் ஒத்திகை நாளில் ஊருக்கு அந்தக் களை இருக்காது. மக்கள் சிவப்பும் வெள்ளையும் உடுத்தி வெளியே வருவதைப் பார்க்க வேண்டுமானால் ஒன்பதாம் தேதிதான். முடிந்தால் ஆகஸ்ட் 7 அல்லது 8-ல் வந்து இறங்கி, 11 அல்லது 12 வரை இருக்கிற மாதிரி போடுங்கள். எட்டாம் தேதி மாலை பிரதமரின் தேசிய தினச் செய்தி ஒளிபரப்பாகும். அதைத் தமிழில் ஓர் அமைச்சர் வழங்குவார். தமிழ் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக இருக்கும் நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது அறைத் தொலைக்காட்சியிலேயே தெரிந்துவிடும்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை

அரங்குக்குள் செல்ல டிக்கெட் இலவசம். ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம், அதுவும் குலுக்கலில்தான் கிடைக்கும். விற்பதற்கு அனுமதி இல்லை. இணையத்தில் யாராவது காசுக்குத் தருகிறேன் என்றால் நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். இறங்கியபின் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சில நாள்களிலேயே வந்துவிடும் என்றாலும் ஒரு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

விசா தவிர, வருகை அட்டை ஒன்றையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்புவது. குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளங்கள் பல உலவுகின்றன, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். சூயிங் கம் எடுத்துவராதீர்கள். மின்சிகரெட் முழுக்கத் தடை, அதை இங்கே மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

எங்கே தங்குவது

மரினா பே பக்கத்தில் அறை எடுத்தால் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம் என்று நினைப்பார்கள். அந்த வார இறுதியில் இங்குள்ளவர்களே குடும்பத்தோடு அங்கே அறை எடுத்துத் தங்குவார்கள். வாடகை ஏறிவிடும், அறைகளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நாலு நாள் வேறு இடத்தில் தங்கலாம்.

தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், லாவண்டர், பூகிஸ் இந்தப் பகுதிகளைப் பாருங்கள். காலையில் இட்லி தோசைக்கு அலைய வேண்டாம். இன்னொரு பெரிய வசதி, நிகழ்ச்சி முடிந்து ரயிலில் நெரிசல் என்றால் பூகிஸுக்கு நடந்தே வந்துவிடலாம்.

அணிவகுப்பு எங்கே என்று பார்த்துவிட்டு இடம் தேடுங்கள்

இதைச் செய்யாமல் வருபவர்கள்தான் அதிகம். அணிவகுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நடப்பதில்லை. பழைய தேசிய விளையாட்டரங்கில் பல ஆண்டுகள் நடந்தது. 2007-லிருந்து பெரும்பாலும் மரினா பே மிதக்கும் மேடையில். அந்த மேடையை இப்போது புதுப்பித்துக் கட்டுகிறார்கள். 2024, 2025 இரண்டு ஆண்டும் பாடாங்கில் நடந்தது. இடத்தைப் பொறுத்து வாணவேடிக்கை எங்கே வெடிக்கும், விமானங்கள் எந்தப் பக்கம் வரும், எந்தச் சாலை மூடும் என்று எல்லாமே மாறும். காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் 2016-ல் நடந்தபோது, கூரை போட்ட அரங்கு என்பதால் வான்குடை (பாராசூட்) வீரர்கள் குதிக்கவே இல்லை. ஆகவே போன ஆண்டு போய்வந்தவர் சொன்ன இடத்துக்கு அப்படியே போய் நிற்காதீர்கள். அணிவகுப்புக் குழுவின் அதிகாரபூர்வப் பக்கங்கள் ‘என்டிபீப்ஸ்’ என்ற பெயரில் இருக்கின்றன. இடம், நேரம், சாலை மூடல் எல்லாம் அங்கே வந்துவிடும்.

பாடாங் அல்லது மரினா பே பக்கம் என்றால் நான் சொல்லும் இடங்கள் இவை.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு முதலிடம் மரினா அணைக்கட்டு. அதன் மேல்தளம் முழுக்கப் புல்வெளி. பாய் விரித்து உட்காரலாம், பிள்ளைகள் ஓடலாம், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நகரத்தின் முகப்பு முழுசாகத் தெரியும். நிகழ்ச்சியிலிருந்து தள்ளி இருப்பதால் சத்தம் தாமதமாக வரும், வாணவேடிக்கை கொஞ்சம் சின்னதாகத் தெரியும். அது பரவாயில்லை என்றால் இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. கார்டன்ஸ் பை தி பே ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மதியம் நாலு மணிக்கெல்லாம் நல்ல இடங்கள் போய்விடும்.

பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்றால் மெர்லயன் பூங்கா, ஜூபிளி பாலம், எஸ்பிளனேட் கலையரங்கின் நீர்முகப்பு. தலைக்கு மேலேயே வெடிப்பது போல் இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், நடுவில் கழிவறைக்குப் போனால் இடம் போச்சு. இளைஞர்கள் கூட்டமாக வந்தால் சரி, பெரியவர்களோடு வேண்டாம். ஹீலிக்ஸ் பாலமும் அழகான இடம்தான். ஆனால் கூட்டம் மிஞ்சினால் பாலங்களில் யாரையும் நிற்க விடாமல் நகர்த்திவிடுவார்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் எங்கே போவது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருங்கள்.

காலாங்கில் நடக்கும் ஆண்டானால் தஞ்சோங் ரூ பக்கம் போங்கள். ஆற்றோர நடைபாதை, மரநிழல், கூட்டமும் அளவாக இருக்கும். இப்போது அங்கே ரயில் நிலையமும் வந்துவிட்டது.

ட்ரோன் கொண்டுவந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த நாள்களில் நிகழ்ச்சிப் பகுதிக்கு மேலே பறக்கவிடத் தடை.

ஒன்பதாம் தேதி காலை: குடியிருப்புப் பேட்டைக்குப் போங்கள்

வருபவர்கள் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். காலையிலேயே மரினா பே போய் வெயிலில் காய்வதைவிட ரயிலேறி தோ பாயோவுக்கோ அங் மோ கியோவுக்கோ போய்விடுங்கள். இந்த நாட்டில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். சுருக்கமாக வீவக. அந்தக் கழகம் 1960-ல் தொடங்கியது. அது முழுக்கத் தானே திட்டமிட்டுக் கட்டிய ஆரம்பகால நகரங்களில் ஒன்று தோ பாயோ.

ஜூலை பிறந்ததுமே வீவக அடுக்குமாடிகளில் கொடி ஏறத் தொடங்கிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் கடைசிவரை கொடிக்கம்பம் இல்லாமலும் வீட்டு முகப்பில் கொடியைக் கட்டலாம் என்பது விதி. பொதுநடை வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் ஒவ்வொரு தளத்திலும் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பன்னிரண்டு மாடிக்கும் சிவப்பும் வெள்ளையும். அதே சுவருக்கு மேலே மூங்கில் கழியில் ஒரு வீட்டின் பள்ளிச் சீருடை காயும். அடுத்த வீட்டு வாசலில் துளசிச் செடி, அதற்கடுத்ததில் சிவப்புக் காகிதத்தில் சீன எழுத்து, அப்புறம் ஒரு வீட்டு நிலைக்கு மேல் அரபு எழுத்துப் பலகை. ஒரே கொடி இந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் தொங்குவதைப் பார்க்கத்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன். பற்றுறுதியில் வரும் அந்த மூன்று சொற்கள், இனம், மொழி, மதம், அங்கே வீடு வீடாக வரிசையில் நிற்கும்.

பல வட்டாரங்களில் அன்று காலையோ அதற்குச் சில நாள் முன்போ சமூக மன்றத்தில் கொடியேற்றம் நடக்கும். அக்கம்பக்கத்துக்காரர்கள், தொண்டூழியர்கள், சீருடை அணிந்த பிள்ளைகள், நாடாளுமன்ற உறுப்பினர் எல்லாரும் வருவார்கள். ஓரமாக நின்று பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. எந்த வட்டாரத்தில் எத்தனை மணிக்கு என்று சமூக மன்ற வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். முதல்நாள் மாலை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பிறகு பக்கத்து உணவங்காடி நிலையத்தில் காலைச் சாப்பாடு. விடுமுறை என்பதால் சில கடைகள் மூடியிருக்கும், திறந்திருக்கும் கடையில் வரிசை நீளமாக இருக்கும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி பரோட்டா, கயா என்ற தேங்காய்ப்பால் முட்டை ஜாம் தடவிய ரொட்டி எது வேண்டுமானாலும் சாப்பிடலாம். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, சம்பலில் நெத்திலியோ இறாலோ இருக்கும். பால் சேர்க்காத காப்பிக்கு ‘கோப்பி ஓ’ என்று சொல்லுங்கள். இஞ்சி டீக்கு ‘தே ஹாலியா’. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் அதற்கான அலமாரியில் வைக்க வேண்டும். கவனமாக இருங்கள், வைக்காவிட்டால் அபராதமும் உண்டு.

தோ பாயோவில் லோரோங் 6 பக்கம் டிராகன் உருவத்தில் ஒரு பழைய விளையாட்டுத் திடல் இருக்கிறது. 1979-ல் அமைத்தது. பிள்ளைகளோடு போனால் அங்கே அரை மணி நேரம் விடுங்கள்.

பதினோரு மணிக்கு மேல் அறைக்குத் திரும்பித் தூங்கிவிடுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆனால் மாலை நாலு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை வெளியில் இருக்கப்போகும் உடம்புக்கு இந்த ஓய்வு கட்டாயம் வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர் பாட்டில். இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள். உட்கார ஒரு விரிப்பு. மழைக்கோட்டு ஒன்று. குடை வேண்டாம். கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆகஸ்டில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போய்விடும். மழை வந்ததும் ஓடுபவர்களின் இடம் அப்படியே காலியாகும் என்பதால், கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு முன்வரிசை கிடைக்கும். இடி மின்னல் என்றால் மட்டும் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். சில ஆண்டுகளில் புகைமூட்டம் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருங்கள்.

சட்டை சிவப்பு அல்லது வெள்ளை. வெளிநாட்டவர் உடுத்தலாமா என்று தயங்க வேண்டாம். உடுத்தினால் மகிழ்வார்கள். கையில் ஆட்டும் சின்னக் கொடி வாங்கினால் அதைத் தரையில் போடாதீர்கள், விரிப்பாகப் பயன்படுத்தாதீர்கள்.

கைப்பேசி மின்னேற்றி, காதில் மாட்டும் ஒலிபேசி இரண்டும் அவசியம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

மாலை: எப்போது எங்கே பார்ப்பது

அரங்குக்கு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. திடீரென விமானம் வரும், போய்விடும். அதற்குள் பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கைப்பேசியில் நேரலையை ஓடவிட்டுக் காதில் கேட்டுக்கொண்டே இருங்கள். மீடியாகார்ப் நிறுவனத்தின் வசந்தம் தொலைக்காட்சி ஒளிவழியில் தமிழ் வருணனையோடு வரும். ‘மீவாட்ச்’ செயலியிலும் பார்க்கலாம். இணைய நேரலை சில நொடிகள் தாமதமாக வரும் என்பதால், அறிவிப்பாளர் அடுத்த காட்சியின் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே வானத்தைப் பார்த்துவிடுங்கள்.

சரியான நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் பொதுவான போக்கு இப்படித்தான். மாலை ஐந்தரை ஆறு மணிவாக்கில் ஆட்டம் பாட்டம் தொடங்கும். இந்தப் பொழுதிலேயே ரெட் லயன்ஸ் என்ற வான்குடை வீரர்கள் குதிப்பார்கள். முதலில் புள்ளிகளாகத் தெரிவார்கள், பிறகு சிவப்புப் புகை, அப்புறம் ஒவ்வொருவராகச் சுழன்று இறங்குவது தெரியும். காற்றும் மேகமும் சரியில்லை என்றால் ரத்து செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அணிகள் வரும், அதிபர் வருவார், 21 குண்டுகள் முழங்கும்.

இதில் தவறவிடவே கூடாதது ஒன்று உண்டு. தேசிய கீதம் ஒலிக்கும்போது சினூக் ஹெலிகாப்டர் ஒன்று பிரம்மாண்டமான நாட்டுக் கொடியைக் கீழே தொங்கவிட்டபடி மெதுவாக வரும். இரு பக்கமும் அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் காவலாக வரும். முதலில் கட்டடங்களுக்கு நடுவே ‘தப தப’ என்ற சத்தம் மட்டும் நெஞ்சில் அதிரும். பிறகு ஒரு கோபுரத்தின் விளிம்பிலிருந்து சிவப்பு வெளியே வரும், அதன் கீழே வெள்ளை. கொடி மடங்காமல் விறைப்பாக நிற்பதற்குக் கீழே கனமான எடை கட்டியிருப்பார்கள், கூர்ந்து பார்த்தால் அதுவும் தெரியும். அதுவரை ஐஸ்கிரீமுக்கு அடம்பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அந்த நிமிடம் வாய்மூடி நிற்கும்.

எங்கே இருந்தாலும் அப்போது எழுந்து நில்லுங்கள். கீதம் மலாய் மொழியில் இருக்கும். ‘மஜூலா சிங்கப்பூரா’ என்ற இந்தப் பாடலை இயற்றியவர் ஜுபிர் சைட். சீனரும் தமிழரும் யூரேசியரும் எல்லாரும் மலாயிலேயே பாடுவார்கள். அணிவகுப்பு ஆணைகளும் மலாயில்தான். பற்றுறுதி சொல்லும்போது வலது கையை மூடி நெஞ்சில் வைப்பார்கள். நாம் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் நின்றால் போதும்.

அதன் பிறகு எஃப்-15, எஃப்-16 போர் விமானங்கள். சத்தம் மிகப் பெரியது. கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்துங்கள். சூரியன் மறைவது ஏழேகால் மணிவாக்கில். இருட்டிய பிறகு கலைநிகழ்ச்சிகள் நடக்கும், எட்டு மணியை ஒட்டி வாணவேடிக்கை. அது சில நிமிடங்கள்தான். முதல் வெடியிலிருந்து கடைசிவரை கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அரை நிமிடம் பதிவுசெய்துவிட்டுப் பையில் போட்டுவிடுங்கள். இதைவிடத் தெளிவான படம் இணையத்தில் அன்றிரவே வந்துவிடும்.

சில ஆண்டுகளில் அன்றைய தினம் நாடு முழுக்கப் பொது எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும். 2015-ல் ஐம்பதாம் ஆண்டின்போது ஒலித்தது. கேட்டதும் பதறாதீர்கள், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் ஒலிப்பார்கள்.

திரும்பும் வழி

கடைசி வெடி வெடித்த உடனே பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ரயிலுக்குத் திரும்புவார்கள். சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ், பேஃபிரண்ட் நிலையங்களின் வாசலில் வரிசை நகரவே நகராது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒன்று, உட்கார்ந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் இருந்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லை, பூகிஸ், பிராஸ் பசா, கிளார்க் கீ என்று ஏதாவதொரு தள்ளியிருக்கும் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். டாக்சி நினைப்பே வேண்டாம். சாலைகள் மூடியிருக்கும், கட்டணமும் ஏறியிருக்கும்.

கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தை மதியமே முடிவுசெய்யுங்கள். ரயிலுக்கு வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆளுக்கொன்று வேண்டும். ரயிலில் சாப்பிடுவதும் குடிப்பதும் கூடாது. தண்ணீருக்கும் அதே விதி, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும்.

தேக்காவில் தங்கியிருப்பவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். பொது இடத்தில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை மது அருந்தக் கூடாது என்பது நாடு முழுக்க உள்ள சட்டம். லிட்டில் இந்தியா, கேலாங் இரண்டு வட்டாரங்களிலும் வார இறுதி, அரசு விடுமுறை, அதற்கு முந்தைய மாலை இவற்றுக்கெல்லாம் இன்னும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. உரிமம் உள்ள உணவகத்துக்குள் உட்கார்ந்து குடிப்பது வேறு விஷயம்.

மறுநாளை வீணாக்காதீர்கள்

பத்தாம் தேதி காலை பாடாங்குக்கே திரும்பிப் போங்கள். முதல்நாள் அணிவகுப்பு அங்கே நடந்திருந்தால் இருக்கைகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், ஓரமாக நடக்கலாம். எதிரே தூண்கள் நிற்கும் கட்டடம் பழைய நகர மண்டபம். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்டது அதற்குள்தான். பக்கத்திலிருக்கும் பழைய உச்ச நீதிமன்றத்தோடு சேர்த்து 2015-லிருந்து அது தேசிய கலைக்கூடம். வெளிநாட்டவர்க்குக் கட்டணம் உண்டு. மேல்தளத்துக்குப் போனால் திடல் முழுசும் தெரியும்.

1943 ஜூலை 5 அன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டதும் இதே நகர மண்டபத்தின் முன்னால்தான். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழ் ஆண்களும் பெண்களும் அந்தப் படையில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பாடாங்கை ஒட்டிய எஸ்பிளனேட் பூங்காவில் அந்தப் படைக்கு நேதாஜி 1945-ல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தைக் குறிக்க 1995-ல் ஓர் அடையாளம் வைத்தார்கள். மரங்களுக்கு நடுவே இருப்பதால் பலர் பார்க்காமலே கடந்துபோவார்கள். நம் ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் நான் அங்கே அழைத்துப்போய் நிறுத்துவேன்.

அங்கிருந்து சௌத் பிரிட்ஜ் சாலைக்கு நடந்துபோகும் தூரம்தான். 1827-ல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், அதே சாலையில் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. மூன்றும் சிங்கப்பூரின் ஆரம்ப நாள்களில் தமிழகக் கரையிலிருந்து வந்தவர்கள் கட்டியவை. கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால் பதினோரு மணிக்குள் அங்கே போய்விடுங்கள்.

ஆகஸ்டில் பெரும்பாலும் சீனர்களின் ஏழாம் மாதம் வரும். அடுக்குமாடிகளின் கீழே, நடைபாதை ஓரங்களில் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் சோறும் முன்னோருக்குப் படைத்திருப்பார்கள். மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள், படம் எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

விடுப்பு அதிகம் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. மலேசியாவின் தேசிய தினம் ஆகஸ்ட் 31. மாதக் கடைசியில் பேருந்தில் கோலாலம்பூர் போனால் அதையும் பார்த்துவிடலாம். சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதானால், ஒருமுறை மட்டும் நுழையும் விசாவா, பலமுறை நுழையும் விசாவா என்று புறப்படுமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கும் தனியாக ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். ஜோகூர் பாலத்தில் விடுமுறை நாள்களில் மணிக்கணக்கில் வாகனங்கள் நிற்கும். விடியற்காலைப் பேருந்தாகப் பார்த்து இருக்கை போடுங்கள்.